நடுவுல வெள்ளை விழாம மை ஒத்துவது எப்படி?

பெரிய ரப்பர் ஸ்டாம்ப் வாங்கினவங்க எல்லாரும் கடைசியில ஒரே புகாரோட வந்து நிப்பாங்க. ஓரம் பூரா பளிச்சுனு விழுந்திருக்கும், நடுவுல மட்டும் வழுக்கைத் தலை மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. இல்லாட்டி ஒரு பக்கம் கன்னங்கரேல்னு இருக்கும், இன்னொரு பக்கம் டோனர் தீர்ந்துபோன ஜெராக்ஸ் மாதிரி இருக்கும். உடனே ஸ்டாம்ப் மட்டம்னு முடிவு பண்ணி, டிராயருக்குள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. அது பாவம், என்ன பண்ணும்? சமாச்சாரமெல்லாம் மை ஒத்துற விதத்துலதான் இருக்கு.

நான் சொல்றது தாலுகா ஆபீஸ்ல 'பெறப்பட்டது'ன்னு குத்துற குட்டி முத்திரையை இல்லை. வாழ்த்து அட்டை செய்யறவங்க வச்சிருக்கிற பேக்கிரவுண்டு ஸ்டாம்ப். அட்டையோட முழு முகப்பையும் ஒரே அச்சுல மூடற அளவுக்குப் பெரிசு. செங்கல் சுவர், பூக்கொடி, மரப்பலகை ரேகை, பழைய காலத்துக் கையெழுத்துன்னு ஏதாவது ஒரு டிசைன் விளிம்பு வரைக்கும் ஓடும். அதுக்கு மேல படம், வாசகம், ரிப்பன் எல்லாம் ஒட்டுவாங்க. என்கிட்ட இருக்கிறது புள்ளிக்கோலம். 15 செ.மீ.க்கு 15 செ.மீ. சென்னையில ஒரு கடையில டிசைனைக் கொடுத்து, ரப்பர்ல லேசரால வெட்டி வாங்கினது.

வேளாண் சூழலியல் படிக்க வந்தவளுக்கு ரப்பர் ஸ்டாம்ப்ல என்ன வேலைன்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்விதான். ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தோட விபோர்க் வளாகம் ஊருக்கு வெளியே ஃபௌலும்ங்கற இடத்துல வயக்காட்டுக்கு நடுவுல இருக்கு. டிசம்பர்ல இங்க மூணே முக்காலுக்கெல்லாம் சூரியன் கடையைச் சாத்திட்டுப் போயிடுவார். மண் மாதிரியை எடை போட்டு, சலிச்சு, எக்செல்ல ஏத்திட்டு (அதாவது நம்ம பாஷையில ஆணி புடுங்கிட்டு) ரூமுக்கு வந்தா ராத்திரி ரொம்ப நீளம். கைக்கு ஏதாவது வேலை வேணும். டேனிஷ்காரங்களுக்கு இது ரத்தத்துலயே இருக்கு. கிறிஸ்துமஸ் வந்தா காகிதத்தைப் பின்னி இதயம் செய்வாங்க. ஈஸ்டருக்கு முன்னாடி காகிதத்தைக் கத்தரிச்சுப் பேர் போடாத விடுகதைக் கடுதாசி அனுப்புவாங்க. காசநோய் வந்த பிள்ளைகளுக்காகக் கிறிஸ்துமஸ் முத்திரைத்தாள் விக்கலாம்னு 1904ல உலகத்துலயே முதல்ல யோசிச்சவர் ஐனார் ஹோல்போல்ங்கற டென்மார்க் தபால் ஊழியர்தான். முதல் வருஷமே 40 லட்சத்துக்கு மேல வித்துச்சு.

ஆனா எனக்கு நிஜமான காரணம் தாத்தா.

எங்க தாத்தா மாயவரம் பக்கம் ஒரு துணை அஞ்சலகத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் போன் திரையை அவரால ரொம்ப நேரம் பாக்க முடியாது. வாட்ஸப்ல அனுப்புற போட்டோவை அம்மா காட்டினா, "ம், நல்லாயிருக்கு"ன்னு சொல்லிட்டு திருப்பிக் கொடுத்துடுவார். கையில வச்சுப் பாக்கற பொருளா இருந்தா வேற கதை. தடவிப் பாப்பார், வெளிச்சத்துல தூக்கிப் பாப்பார், பின்பக்கம் திருப்புவார். 2025 மார்ச்சுல அவர்கிட்ட போன்ல விஷயத்தைச் சொன்னேன். டென்மார்க்ல இனிமே தபால்காரர் கடுதாசி கொண்டுவர மாட்டாராம்னு.

விஷயம் தெரியாதவங்களுக்காக: டென்மார்க்ல 1624ல நாலாம் கிறிஸ்டியன் ராஜா தொடங்கி வச்சது தபால் சேவை. 2000ஆம் வருஷத்தோட ஒப்பிட்டா கடிதங்களோட எண்ணிக்கை 90 சதவீதத்துக்கும் மேல சரிஞ்சுபோக, டென்மார்க், ஸ்வீடன் ரெண்டு அரசுக்கும் சொந்தமான போஸ்ட்நோர்டு நிறுவனம், 2025 டிசம்பர் 30ஆம் தேதியோட டென்மார்க்ல கடிதப் பட்டுவாடாவை நிறுத்திடுச்சு. தெருவுல இருந்த 1,500 சிவப்புத் தபால் பெட்டியும் ஜூன்லேர்ந்து ஒண்ணொண்ணா கழட்டப்பட்டுச்சு. அதுல ஆயிரம் பெட்டியை தர்ம காரியத்துக்காக ஏலம் மாதிரி விலைக்கு வச்சாங்க. ஒண்ணு கிட்டத்தட்ட 2,000 குரோனர். மூணு மணி நேரத்துல எல்லாம் காலி! கடுதாசி போட ஆள் இல்லை, பெட்டியை வாங்க மட்டும் அடிதடி. இப்போ கடிதம் கொண்டுபோறது டி.ஏ.ஓ.ங்கற தனியார் நிறுவனம். கடையில கொண்டுபோய்க் கொடுக்கணும்.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம் கேட்டது இதுதான்: "அப்ப அந்தத் தபால்காரங்கள்லாம் என்ன பண்ணுவாங்க பாப்பா?" 1,500 பேருக்கு வேலை போகுதுன்னு சொன்னேன். "நிறுத்தறதுக்குள்ள அங்கேர்ந்து ஒண்ணு போட்டுடு"ன்னார். அவ்வளவுதான். அதுலேர்ந்து வந்ததுதான் 40 பொங்கல் வாழ்த்து அட்டை. தாத்தாவுக்கு ஒண்ணு, மிச்சம் சொந்தபந்தம், ஸ்கூல் டீச்சர்னு. அச்சகத்துல அடிச்ச அட்டைன்னா கடையில வாங்கியிருக்கலாம். கையால செய்யறதுன்னா கோலம் ஒழுங்கா விழணும். தாத்தா முப்பது வருஷத்துக்கு மேல முத்திரை குத்தினவர், அரைகுறை அச்சை மன்னிக்கவே மாட்டார் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம்ம எல்லாருக்கும் ரத்தத்துல ஊறின பழக்கம் என்னன்னா, பேடு கீழே, ஸ்டாம்ப் மேலே. ஸ்டாம்பைப் பேடுல நச்சுனு குத்தி, காகிதத்துல நச்சுனு குத்தறது. சின்ன ஸ்டாம்புக்கு அது போதும். ஆனா பேடு 7 செ.மீ., ஸ்டாம்ப் 15 செ.மீ.ன்னா? நாலஞ்சு தடவை இடம் மாத்தி மாத்தி ஒத்தணும். ஸ்டாம்போட முகம் கீழ்ப்பக்கமா இருக்கறதால எங்க மை பட்டிருக்கு, எங்க படலைன்னு கண்ணுக்கே தெரியாது. பேடோட விளிம்பு பட்ட இடமெல்லாம் கோடு கோடா நிக்கும்.

பெரிய ஸ்டாம்புக்கு எல்லாத்தையும் தலைகீழா மாத்தணும். ஸ்டாம்ப் மேஜையில மல்லாக்கப் படுத்திருக்கணும். பேடைக் கவிழ்த்துப் பிடிச்சு அது மேல தட்டணும். தட்டணும்னா தட்டணும், தேய்க்கக் கூடாது. தேய்ச்சா மை மேட்டுல நிக்காம பள்ளத்துக்குள்ள இறங்கிடும், அப்புறம் கோலத்தோட இடுக்கெல்லாம் அடைச்சு அழுக்கா விழும். பேடோட துணியும் நூல் நூலாப் பிரியும். மெதுவா, குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி, ஒரு மூலையில ஆரம்பிச்சு, ஒவ்வொரு தட்டும் முந்தின தட்டுல பாதியை மூடற மாதிரி நகர்த்திக்கிட்டே போகணும். ஒரு முறை இடமிருந்து வலம், அடுத்த முறை மேலிருந்து கீழ். அழுத்தம் வேண்டாம், எண்ணிக்கைதான் வேணும். பலமா பத்து தட்டுறதை விட லேசா நாப்பது தட்டுறது மேல்.

இங்க வாரம் ஒரு நாள் சாயங்காலம் கார்டு செய்ய ஒண்ணுகூடுற வயசான டேனிஷ் அம்மாக்கள் கூட்டத்துல நானும் போய் உக்காருவேன். (சராசரி வயசைக் குறைக்க என்னால முடிஞ்ச சேவை.) அதுல ஒரு பாட்டிம்மா வாயிலேர்ந்து வர்றது மூணே வார்த்தை, "ஸ்டிலெ ஓ ரோலிட்". நிதானமா, அமைதியான்னு அர்த்தம். டேனிஷ்காரங்க எல்லாத்துக்கும் இதைத்தான் சொல்வாங்க, பஸ் லேட்டானாலும், தீஸிஸ் லேட்டானாலும். ஆனா மை ஒத்தும்போது அது தத்துவம் இல்லை, தொழில்நுட்பம்.

எல்லா இடத்துலயும் மை பட்டுதான்னு எப்படிப் பாக்கறது? நேரா மேலேர்ந்து பாக்காதீங்க. கருப்பு மையும் சிவப்பு ரப்பரும் நேர்ப்பார்வைக்கு ஏமாத்திடும். ஸ்டாம்பைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, விளக்குக்கு எதிரா சாய்ச்சுப் பாருங்க. ஈரம் இருக்கிற இடம் ஒரே சீரா மினுங்கும். மங்கலா இருக்கற இடம் காய்ஞ்ச இடம். அங்க மட்டும் நாலு தட்டு. இந்த ஒரு பழக்கம் வந்துட்டா பாதி வெள்ளைத் திட்டு காணாமப் போயிடும்.

நம்ம ஊர்ல இதைச் செய்யறதுல ஒரு சிக்கல் இருக்கு. நம்ம ஸ்டாம்ப் பேடு தகரடப்பாவுக்குள்ள இருக்கும். மெத்தை பள்ளத்துல, விளிம்பு மேட்டுல. கவிழ்த்தா தகரம்தான் ஸ்டாம்ப்ல இடிக்கும். கைவினைக்குன்னு விக்கிற பேடுல மெத்தை டப்பாவை விட மேலே எழும்பி நிக்கும், கவிழ்த்துத் தட்டறதுக்காகவே. அது கிடைக்கலைன்னா கவலையே வேண்டாம், வீட்டுலயே ஒரு பொட்டலம் செஞ்சுக்கலாம். கைப்பிடி பஞ்சை உருட்டி, நெசவு நெருக்கமா இருக்கற பழைய வேட்டித் துணியில வச்சு, சுருக்கம் இல்லாம இறுக்கி, மேலே நூலால கட்டுங்க. அடிப்பக்கம் வழவழன்னு உருண்டையா இருக்கணும். அதைத் தகரடப்பா பேடுல ரெண்டு ஒத்து, ஸ்டாம்ப்ல நாலு தட்டு. அருமையா வரும்.

இதை ஏதோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கிட்டிருக்கேன், ஆனா இது 500 வருஷத்துப் பழசு. நான் இருக்கிற இதே விபோர்க்ல 1528ல ஹான்ஸ் விங்கார்டுங்கற அச்சுக்காரர் ஒரு அச்சகம் போட்டார். மார்ட்டின் லூதரோட சீர்திருத்தத்தை இந்த ஊர்ல பிரசங்கம் பண்ணின ஹான்ஸ் டௌசனோட எழுத்தையெல்லாம் அச்சடிக்கறதுக்காக. அந்தக் காலத்துல ஒரு பக்கம் முழுக்க ஈய எழுத்தை அடுக்கி, அது மேல மை ஒத்தணும். அதுவும் நம்ம பேக்கிரவுண்டு ஸ்டாம்ப் மாதிரியே ஒரு பெரிய மேட்டுப் பரப்புதானே? அதே பிரச்னை. அவங்க கண்ட வழி மைப்பந்து. தோலுக்குள்ள கம்பளியோ குதிரை முடியோ திணிச்சு, மரக் கைப்பிடி போட்டு, ஒரு ஆளுக்கு ரெண்டு பந்து. ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு உருட்டி மையைச் சமமாப் பரப்பிட்டு, எழுத்து மேல படபடன்னு தட்டுவாங்க. அச்சு விசையை இழுக்கறது ஒரு ஆள், மை தட்டறதுக்குன்னே தனியா ஒரு ஆள். தோல் காய்ஞ்சு விறைச்சுப் போகக் கூடாதுன்னு ராத்திரி மூத்திரத்துல ஊற வைப்பாங்களாம். (நம்ம வேட்டிப் பொட்டலத்துக்கு அது அவசியமில்லை, நிம்மதியா இருங்க.) பசையும் வெல்லப்பாகும் காய்ச்சி வார்த்த உருளை 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல வர்ற வரைக்கும் உலகம் முழுக்க இந்தத் தட்டல்தான்.

அப்போ நம்ம பக்கத்துல? தரங்கம்பாடியேதான். மேலே சொன்ன அதே நாலாம் கிறிஸ்டியன் காலத்துல, 1620ல, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க அங்க கோட்டை கட்டினாங்க. 1706ல வந்து இறங்கின சீகன்பால்குக்கு 1712ல லண்டனிலிருந்து ஒரு அச்சு இயந்திரம் அனுப்பினாங்க. ஜெர்மனியில ஹாலே நகரத்துல வார்த்த தமிழ் எழுத்து அடுத்த வருஷம் வந்துச்சு. அந்த எழுத்து ஏகத்துக்குப் பெரிசு, காகிதத்தை முழுங்குச்சு. அதனால உள்ளூர்லயே சின்ன எழுத்தா வார்த்து, 1715ல தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சாங்க. (தமிழ்ல முதல் அச்சுப் புத்தகம் இது இல்லை. 1578லயே கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' வந்தாச்சு.) தமிழுக்கு இதுல ஒரு தனித் தொல்லை இருந்திருக்கும்னு நினைக்கிறேன். ண, ஐ, ஞ மாதிரி வளைவும் சுழியும் உள்ள எழுத்துல மை கொஞ்சம் கூடினாலும் சுழி அடைச்சுக்கும், கொஞ்சம் குறைஞ்சாலும் புள்ளி விழாது. புள்ளி விழலைன்னா அர்த்தமே மாறிடும். கோல ஸ்டாம்புக்கும் இதே கதைதான், புள்ளிதான் முதல்ல காணாமப் போகும்.

எங்க ஊர்லேர்ந்து தரங்கம்பாடிக்கு பஸ்ல ஒரு மணி நேரம் கூட ஆகாது. சின்ன வயசுல கோட்டையைப் பாத்துட்டு சுண்டல் வாங்கித் தின்னுட்டு வந்ததோட சரி. அந்தக் கோட்டையைக் கட்டின நாட்டுல வந்து மை தட்டிக்கிட்டிருப்பேன்னு யார் கண்டா.

இனி மையைப் பத்தி. கடையில முக்கியமா ரெண்டு ஜாதி. சாயமை தண்ணி மாதிரி, காகிதத்துக்குள்ள ஊறி உடனே காயும். நிறமி மை கெட்டியா, கிளிசரின் மாதிரி மெதுவா உலரும் பொருளோட இருக்கும். காகிதத்து மேலயே நின்னு நிதானமாக் காயும். சின்ன ஸ்டாம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். பெரிசுக்கு இல்லை. சாயமையால ஒரு மூலையில தட்ட ஆரம்பிச்சு எதிர் மூலைக்குப் போறதுக்குள்ள முதல் மூலை காய்ஞ்சுடும். நீங்க மை போட்டது நிஜம், அது ஸ்டாம்ப் மேலயே காய்ஞ்சதும் நிஜம்! அச்சுல வெள்ளை விழறதுக்கு இது ரொம்பப் பெரிய காரணம். குளிர்காலத்துல இது இன்னும் மோசம். வெளியே இருக்கற சில்லுனு காத்துல ஈரம் கம்மி. அதை உள்ளே கொண்டுவந்து ஹீட்டர் போட்டா அறைக்காத்து அப்பளம் மாதிரி வறண்டு கிடக்கும். மாயவரத்துல ஐப்பசி மாசம் இதே மை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். காஞ்சுபோச்சுன்னு தோணினா ஸ்டாம்புக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், கண்ணாடி துடைக்கறதுக்கு ஊதற மாதிரி வாயை அகலத் திறந்து 'ஹா'ன்னு ரெண்டு மூச்சு விடுங்க. மூச்சுல இருக்கற ஈரத்துல சாயமை திரும்ப இளகும். பார்க்கிறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, கண்டுக்காதீங்க.

முழுப் பரப்பும் திட்டா நிறம் வரணும்னா நிறமி மைதான் என் கட்சி. காயறதுக்கு நேரம் ஆகும், கை பட்டா இழுத்துக்கும், அதனால ராத்திரி முழுக்க விரிச்சுப் போடணும். என் ரூம்ல நடக்க இடமில்லாம நாப்பது அட்டை தரையில காஞ்சது, வத்தல் போட்ட மொட்டை மாடி மாதிரி.

பேடைப் பத்தி தாத்தா போன்ல சொன்னது ஒண்ணு. "மையை ஊத்தின உடனே குத்தாத பாப்பா. நாங்க ராத்திரியே ஊத்தி வச்சுட்டுப் போயிடுவோம். காலையில வந்து பாத்தா ஒரே சீராப் பரவியிருக்கும்." பேடு சமமா இல்லாம ஸ்டாம்ப் எப்படிச் சமமா வரும்? இங்க கார்டு செய்யற அம்மாக்கள் பேடைக் கவிழ்த்தே அலமாரியில அடுக்கறாங்க, மை மேல்பரப்புக்கு வந்து நிக்கறதுக்காக. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததில்லை, ஆனா ஒரே யூனியன்.

ஸ்டாம்போட தோலையும் கவனிக்கணும். சிவப்பு ரப்பர் மையை நல்லாப் பிடிச்சுக்கும். கண்ணாடி மாதிரி தெரியற பாலிமர் ஸ்டாம்ப் புதுசா இருக்கும்போது வழுக்கும். மை தாமரை இலைத் தண்ணி மாதிரி முத்து முத்தா ஒதுங்கி நிக்கும். அதுக்கு வெள்ளை ரப்பரால, அதான் பென்சில் அழிக்கற ரப்பர், முகத்தை லேசாத் தேய்ச்சு விடணும். ரொம்ப நைசான உப்புக்காகிதமும் சரி, ஆனா தடவின மாதிரி இருக்கணும், சுரண்டின மாதிரி இருக்கக் கூடாது. அப்புறம் வேண்டாத தாள்ல மூணு நாலு அச்சு போட்டுப் பழக்கணும். புதுச் செருப்பு மாதிரிதான்.

இப்போ மை சீராப் படிஞ்சாச்சு. ஆனாலும் நடுவுல வெள்ளை விழுதா? அப்போ குத்தம் மையில இல்லை, அழுத்தத்துல. கணக்கு ஒண்ணாம் கிளாஸ் கணக்குதான். 3 செ.மீ. சதுர ஸ்டாம்போட பரப்பு 9. 15 செ.மீ. சதுரத்தோட பரப்பு 225. இருபத்தஞ்சு மடங்கு. அதே கை, அதே பலம், ஆனா ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் கிடைக்கறது இருபத்தஞ்சுல ஒரு பங்கு. சின்னதுக்கு 2 கிலோ எடையளவு அமுக்கினீங்கன்னா பெரிசுக்கு 50 கிலோ வேணும். அட்டை மேல ஏறி நிக்கறவங்களும் இருக்காங்க, நான் கிண்டலுக்குச் சொல்லலை. ஆனா ஏறி நின்னாலும் உள்ளங்கால் குழியில அழுத்தம் கம்மிதான்.

இதுக்கும் பதில் தலைகீழ்தான். மை ஒத்தின ஸ்டாம்பைத் தூக்கவே தூக்காதீங்க. மல்லாக்கவே கிடக்கட்டும். அட்டையை அது மேல வைங்க. ஒரு விளிம்பை முதல்ல தொட வச்சு, அப்படியே கையை விட்டுக்கிட்டே போனா நடுவுல காத்து சிக்காது. தொப்புன்னு போட்டா காத்துக் குமிழி நடுவுல உக்காந்துக்கும். (துணியில கட்டை அச்சு போடறவங்க பெரிய மரக்கட்டையில காத்து வெளியேற ஓட்டை போட்டு வச்சிருப்பாங்க. காரணம் இதேதான்.) அட்டை மேல ஒரு சாதாரண வெள்ளைத் தாளைப் போடுங்க, கை வழுக்கிப் போக வசதியா இருக்கும். ஒரு கையால ஒரு ஓரத்தை அசையாமப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையோட அடி உள்ளங்கையால ஒவ்வொரு பகுதியா வட்டமாத் தேய்ங்க. இப்போ முழுப் பலமும் ஒரு நேரத்துல சின்ன இடத்துலதான் இறங்குது. 225ஐ இருபத்தஞ்சு ஒம்போதாப் பிரிச்சுட்டோம், அவ்வளவுதான். ஜப்பான்காரங்க மரச்செதுக்கு அச்சுக்கு 'பாரென்'னு ஒரு வட்டத் தட்டு வச்சு இதையேதான் செய்யறாங்க. நான் எவர்சில்வர் டம்ளரோட அடிப்பக்கத்தை உபயோகிக்கறேன்.

மூலையை ஓரமாத் தூக்கி எட்டிப் பாக்கலாம், மத்த இடத்தை அசையாமப் பிடிச்சிருந்தா. வெளிறின இடம் இருந்தா அங்க திரும்பத் தேய்ச்சு விடலாம். மறுபடி மை தட்டி அதே இடத்துல ரெண்டாவது முறை அச்சு போடறதுக்குன்னு கீல் வச்ச மூடியும் காந்தமுமா பலகை விக்கறாங்க, மிஸ்டின்னு ஒண்ணு ரொம்பப் பிரபலம். வசதியான சாமான்தான், மாணவி பட்ஜெட்டுக்கு இல்லை. நான் லெகோ கட்டையை 'ட' மாதிரி அடுக்கி மேஜையில ஒட்டி வச்சிருக்கேன். ஸ்டாம்போட மூலை அதுல முட்டும், அட்டையோட மூலையும் அதுலயே முட்டும். லெகோ பிறந்த பில்லுண்ட் இங்கேர்ந்து தெக்கே கொஞ்ச தூரம்தான். உள்ளூர்த் தயாரிப்பை ஆதரிப்போம்.

ரப்பர் உருளை வச்சு மை தடவறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. உருளையோட விட்டம் 4 செ.மீ.ன்னா சுற்றளவு பன்னண்டரை செ.மீ.தான். ஒரு சுத்து முடிஞ்சதும் அதுல இருக்கிற மை போயிடுச்சு. ஸ்டாம்ப் 15 செ.மீ. கடைசி ரெண்டரை செ.மீ.க்கு வெறும் உருளைதான் ஓடும். அதனால ஒரே இழுப்புல முடிக்காம, தூக்கித் தூக்கி, ஒவ்வொரு தடவையும் வேற விளிம்புலேர்ந்து ஆரம்பிங்க.

காகிதம் வழவழன்னு இருக்கறதா பாத்துக்குங்க. பாண்டிச்சேரி ஆசிரமத்துக் கையால் செஞ்ச காகிதம் எனக்கு உசுரு. ஆனா சொரசொரப்புல பேக்கிரவுண்டு அச்சு புள்ளி புள்ளியா உதிர்ந்து விழும். அதை உறைக்கு வச்சுக்கலாம். அதே மாதிரி, டிசைன் தேர்ந்தெடுக்கும்போதே கோடும் இடைவெளியுமா இருக்கறதை எடுங்க. கோலம் மாதிரி கோட்டு டிசைன்ல லேசான ஏத்த இறக்கம் கண்ணுக்கே தெரியாது. பெரிய பெரிய திட்டா நிறம் வர்ற டிசைன்தான் எமன்.

வேலை முடிஞ்சதும் ஈரத்துணியால ஒத்தி எடுத்துடுங்க. இடுக்குல காஞ்ச மை அடுத்த அச்சுல கண்டிப்பா எட்டிப் பாக்கும்.

நாப்பதுல முப்பத்தெட்டு அட்டை டிசம்பர் முதல் வாரமே கிளம்பிடுச்சு. ரெண்டு அட்டையை கார்டு பாட்டிம்மாக்கள் பிடுங்கிக்கிட்டாங்க, ஜன்னல்ல மாட்டி வைக்கறாங்களாம். போகிக்கு நாலு நாள் முன்னாடி அம்மா போன் பண்ணி தாத்தாகிட்ட கொடுத்தாங்க.

"வந்துச்சு பாப்பா. புள்ளி எத்தனைன்னு எண்ணினேன். பதினஞ்சுக்குப் பதினஞ்சு, ஒண்ணு கூட விட்டுப்போகல."

"நல்லாயிருக்கா தாத்தா?"

"மை நல்ல மை. கெட்டி மை. எங்களுக்கு இந்த மாதிரி கொடுத்ததேயில்ல. அந்த பேடு என்ன விலை வரும்?"

சொன்னேன். ரூபாய்க்கு மாத்திச் சொன்னதும் லைன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பரவால்ல, லீவுக்கு வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா. கறுப்பு. அந்த கோல முத்திரையையும் எடுத்துட்டு வா"ன்னார். மேல்வீட்டு மாமாவுக்குப் பதில் வாழ்த்து அனுப்பணுமாம். நம்ம ஊர்ல தபால்காரர் இன்னும் வர்றாரில்ல.